எந்தத் தெர்மாகோலுக்குக் காளான் மாற்று?

காயலான் கடைக்காரர் எதை வாங்க மாட்டார் என்று பார்த்தாலே நம் ஊர்க் குப்பையின் பாதிக் கதை தெரிந்துவிடும். அட்டைப்பெட்டி, இரும்பு, பால் கவர், உடைந்த பிளாஸ்டிக் குடம், எல்லாவற்றுக்கும் கிலோவுக்கு ஒரு விலை வைத்திருப்பார். தெர்மாகோலை எடுத்துப்போனால் மட்டும் தூரத்திலிருந்தே கையை ஆட்டி வேண்டாம் என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதில் சுமார் 98 சதவீதம் காற்று, ஒரு மீன்பாடி வண்டி நிறைய ஏற்றினாலும் பத்து இருபது கிலோ தேறினால் பெரிது, வண்டி மிதிக்கிற கூலிக்கே கட்டாது. அதனால் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் புது டிவி, புது மிக்சி வந்த வீட்டிலிருந்து வெளியே வரும் வெள்ளைத் துண்டுகள் ஒன்று கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போகின்றன, இல்லையென்றால் காற்றில் உருண்டு கேப்டன் காட்டன் கால்வாயில் விழுந்து, ஐப்பசி மழையில் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் மற்ற குப்பையோடு அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது தெர்மாகோல் தட்டும் கப்பும் அதில் இருந்தன. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடையில் அலங்காரத் தெர்மாகோலும் சேர்ந்தது. பெட்டிக்குள் பொருளைச் சுற்றி வருகிற பேக்கிங் தெர்மாகோல் இந்த இரண்டிலும் சிக்கவில்லை, இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

விவசாயக் கழிவில் பூஞ்சையை வளர்த்து அதையே பேக்கிங் பொருளாக்கலாம் என்கிற விஷயத்தில் எனக்கு உண்மையான நம்பிக்கை இருக்கிறது. மொட்டை மாடியில் கீத்து ஷெட் போட்டுச் செய்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு வரும் வாட்ஸ்அப் வீடியோ ஒவ்வொன்றும் 'தெர்மாகோலுக்கு மாற்று வந்தாச்சு' என்று மொத்தமாகச் சொல்லும்போது கவலையாக இருக்கிறது. எந்தத் தெர்மாகோலுக்கு? அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஆரம்பித்தால் நல்ல பொருள் தப்பான இடத்தில் போய்த் தோற்றுப்போகும், அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காளானில் நாம் சமைக்கிற குடை, பூஞ்சை வித்துப் பரப்புவதற்காக வெளியே நீட்டுகிற பகுதி மட்டும்தான். அதன் உண்மையான உடம்பு வைக்கோலுக்குள்ளும் மரத்துக்குள்ளும் பரவிக் கிடக்கிற வெள்ளை இழைகள், அதாவது மைசீலியம். இந்த இழைகள் என்சைம்களைச் சுரந்து, வைக்கோலுக்கும் மரத்துக்கும் கெட்டித்தன்மை தருகிற செல்லுலோஸையும் லிக்னினையும் உடைத்துத் தின்றுகொண்டே போகும், போகிற வழியில் துகளுக்கும் துகளுக்கும் இடையே பின்னிக்கொள்ளும். இழையின் சுவரில் கைட்டின் இருக்கிறது, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாகக் கழிக்கிற இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டின். அதுதான் இந்தப் பொருளுக்கு வலு. தனியாகப் பசை ஒன்றும் சேர்ப்பதில்லை. துகள்கள் முழுதாகத் தின்று முடிக்கப்படுவதற்கு முன்பே சூடு காட்டி வளர்ச்சியை நிறுத்திவிட்டால், எந்த அச்சில் வளர்ந்ததோ அந்த வடிவத்திலேயே லேசான, கெட்டியான ஒரு கட்டி கையில் கிடைக்கும்.

இதை வியாபாரமாக்கியவர்களில் முன்னோடிகள் அமெரிக்காவின் ஈபன் பேயரும் கேவின் மெக்கின்டயரும். நியூயார்க் மாநிலத்தில் கல்லூரி முடித்த கையோடு 2007-ல் எகோவேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2011-லேயே டெல் நிறுவனம் தன் சர்வர்களைக் காளான் பேக்கிங்கில் வைத்து அனுப்பிப் பார்த்தது. 2014-ல் நியூயார்க்கில் ஒரு கலைக்கூட முற்றத்தில், மக்காச்சோளத் தட்டையில் வளர்த்த சுமார் 10,000 செங்கற்களை அடுக்கிக் கோபுரமே கட்டினார்கள், கோடை முடிந்ததும் பிரித்து உரமாக்கினார்கள். நம் ஊரிலும் ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சியாளர்கள் கேனோடெர்மா என்கிற மரப் பூஞ்சையையும் சிப்பிக் காளானையும் அட்டை, மரத்தூள், காகிதம், தேங்காய் நார்க்கழிவு, வைக்கோல் ஆகியவற்றில் வளர்த்து எது எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்த வேலை 2025-ல் வெளியானது. கிண்டியில் நடக்கிற அந்த வேலைக்கும் வடசென்னைக்கும் நடுவே இன்னும் பாலம் எதுவும் கட்டப்படவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கேனோடெர்மா என்றால் தென்னை வைத்திருப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும். தஞ்சாவூர் வாடல் நோய் என்று டெல்டாவில் சொல்கிறார்களே, 1952 புயலுக்கு அப்புறம் அங்கே பெரிதாகக் கண்ணில் பட்ட அடித்தண்டு அழுகல், அதற்குக் காரணம் இந்த இனத்துப் பூஞ்சைதான். மரத்தையே சாய்க்கிற அளவுக்கு அதனால் லிக்னினைத் தின்ன முடிகிறது என்பதால்தான் கெட்டியான கட்டி செய்ய அது பிடித்தமானதாக இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. பக்கத்து வீடுகளில் தென்னை நிற்கிறது, தெரிந்தே கொண்டுவந்து வைக்க மனசு வரவில்லை. சிப்பிக் காளான் கொஞ்சம் மெத்தென்ற கட்டிதான் தரும், ஆனால் விதை சுலபமாகக் கிடைக்கும், அதை வளர்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

பொன்னேரிப் பக்கம் என் சித்தி மகள் மகளிர் குழுவில் சேர்ந்து சிப்பிக் காளான் போடுகிறாள். வைக்கோலை விரல் நீளத்துக்கு வெட்டி, ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் உலர்த்தி, பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக விதை தூவிக் கட்டித் தொங்கவிடுவது வரை இரண்டு வேலையும் ஒன்றுதான். பதினைந்து இருபது நாளில் படுக்கை முழுக்க வெள்ளையாகும், அவள் பையைக் கீறிவிட்டுத் தண்ணீர் தெளித்துக் காளானுக்குக் காத்திருப்பாள். நான் அங்கேதான் பிரிகிறேன். பாதி வெள்ளையானதுமே பையைப் பிரித்து, உதிர்த்து, கொஞ்சம் மாவு கலந்து, அச்சில் அழுத்தி இன்னும் சில நாள் விடச் சொன்னேன். "என்னண்ணா, காளான் வர்றதுக்கு முன்னாடியே கொன்னுடச் சொல்றியே" என்று அவளுக்குத் தாங்கவே இல்லை. கட்டி காய்ந்து, அவள் அதன்மேல் ஏறி நின்றும் நொறுங்காமல் இருந்தபோதுதான் "சரி, இதுக்கு கிலோ என்ன தருவாங்க?" என்று கேட்டாள். அதுதான் சரியான கேள்வியும்கூட.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சுத்தம். பூஞ்சையைக் கழிவில் ஏற்றுவது பாலில் உறை ஊற்றுவது போலத்தான், நீங்கள் ஊற்றிய உறை முந்திக்கொள்ள வேண்டும், காற்றில் இருக்கிறது முந்தினால் கெட்டது. சென்னைக் காற்றில், அதுவும் கடல் பக்கம், பச்சைப் பூஞ்சை எப்போதும் தயாராக இருக்கிறது. ட்ரைக்கோடெர்மா. அது பிடித்த பையைக் காப்பாற்ற முயல வேண்டாம், கட்டியபடியே அப்புறப்படுத்திவிடுங்கள். வைக்கோலை வேகவைக்க கேஸ் செலவு அதிகம் என்றால் சுண்ணாம்புத் தண்ணீரில் ஓர் இரவு முழுக்க ஊறவைத்து வடிக்கும் முறை இருக்கிறது, சிப்பிக் காளானுக்கு அது போதும். காளான் வளர்ப்பில் சிலர் கார்பென்டசிமும் ஃபார்மலினும் கலந்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். கடைசியில் மண்ணில் போட்டு மக்கவைக்கப் போகிற பொருளுக்கு எதற்கு அந்த மருந்து? அதே போலப் பிளைவுட், எம்டிஎஃப் அறுத்த தூளும் வேண்டாம், அதில் பசை இருக்கிறது. மரவாடியில் நல்ல மரம் அறுத்த தூளாகக் கேட்டு வாங்கி, தழைச்சத்துக்குத் தவிடு கொஞ்சம் சேர்த்து நன்றாக ஆவியில் வேகவையுங்கள். பையைப் பிரித்து உதிர்க்கும்போதும் காய்ந்த கட்டியை அறுக்கும்போதும் மாஸ்க் கட்டாயம். காளான் விரியவிட்டால் அதன் வித்து மூச்சோடு உள்ளே போய் நுரையீரலுக்குத் தொந்தரவு தரும், சிப்பிக் காளான் பண்ணைகளில் இது தெரிந்த விஷயம். குடை வருவதற்கு முன்பே காயவைக்கச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். வடசென்னையில் தெர்மாகோல் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது காசிமேடு. விடிவதற்கு முன்னால் போனால் மீனும் ஐஸும் நிரப்பிய வெள்ளைப் பெட்டிகள் ஏலக்கூடத்திலிருந்து வண்டிக்கு வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். இதை மாற்றினால் எவ்வளவு நல்லது என்றுதான் நானும் ஒரு கட்டியை எடுத்துப்போய் அங்கே மீன் வாங்கி விற்கும் ஓர் அக்காவிடம் காட்டினேன். அவர் அதை அமுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பக்கத்திலிருந்த ஐஸ் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து தூக்கிப் பார்த்து, "தம்பி, இது தண்ணியக் குடிக்குது பாரு. ஐஸ் உருகி ஊறிச்சுன்னா ஆட்டோக்காரன் ஏத்துவானா? என் பொட்டிய நான் கழுவிக் கழுவி எத்தினி நாளு வெச்சிருக்கேன் தெரியுமா?" என்றார்.

ஆய்வகத்தில் சொல்கிற எல்லாமே அந்தப் பேச்சில் இருக்கிறது. இந்தக் கட்டியின் பெரிய பலவீனம் தண்ணீர்தான். உள்ளே இருப்பது வைக்கோலும் மரத்தூளும், மேல்தோல் மட்டும்தான் கொஞ்ச நேரம் நீரைத் தள்ளும், அது கீறினாலோ ஊறினாலோ உறிஞ்ச ஆரம்பித்துவிடும். எடையிலும் தெர்மாகோலை நெருங்க முடியாது. பேக்கிங் தெர்மாகோல் ஒரு கன மீட்டர் பத்திலிருந்து முப்பது கிலோவுக்குள் இருக்கும், பூஞ்சைக் கட்டி பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு கனம். அதற்கு மெழுகு பூசலாம், ரெசின் பூசலாம் என்கிறார்கள். பூசிவிட்டால் மண்ணில் மக்குகிற குணத்தில் கையை வைக்கிறோம், விலையும் ஏறும். அந்த அக்கா சொன்ன இன்னொன்றையும் கவனியுங்கள். மீன்பெட்டி ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற பொருள் இல்லை, உடைகிற வரை கழுவிக் கழுவிப் புழங்குகிறது. அங்கே வேண்டியது இன்னும் நாள்பட உழைக்கிற பெட்டி, நாற்பது நாளில் மக்குகிற பெட்டி இல்லை.

டிவி பெட்டியின் மூலையில் வருகிற துண்டு இதற்கு நேர் எதிர். தண்ணீர் படாது, ஒரே ஒரு பயணம், வீட்டுக்கு வந்த அன்றே குப்பை. காற்றில் அழியாமல் பல தலைமுறை கிடக்கப் போகிற ஒன்றை ஒரு வாரப் பயணத்துக்காகச் செய்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பூஞ்சைக் கட்டியின் குணங்கள் எல்லாம் இந்த வேலைக்குச் சரியாகப் பொருந்துகின்றன. அடியை வாங்கிக்கொண்டு நசுங்கும், தெர்மாகோல் மாதிரி சட்டென்று உருகித் தீப்பிடிக்காமல் மேலே கரியாகிக் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், வேலை முடிந்ததும் உடைத்துத் தொட்டியில் போட்டால் செடிக்கு ஆகும். உமி சேர்த்து வளர்த்தால் அதிலுள்ள சிலிக்காவால் தீயைத் தாங்கும் திறன் கூடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.

டிவி கம்பெனிகள் நம் பேச்சைக் கேட்க இன்னும் நாளாகும். அதுவரை யாருக்குச் செய்வது? என் மனதில் இருப்பது கொசப்பேட்டை. அங்கே கொலு பொம்மை செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக மண் பொம்மையை வைக்கோலில் சுற்றித்தான் அனுப்பினார்கள், இப்போது தெர்மாகோலும் குமிழ் பிளாஸ்டிக்கும் நடுவில் புகுந்துவிட்டன. பொம்மைகள் அச்சில் வார்ப்பவை, ஒரே அளவு, ஒரே வடிவம். ஆகவே அதற்குப் பொருந்துகிற பேக்கிங் அச்சையும் ஒருமுறை செய்தால் போதும். அங்கே ஒரு பெரியவரிடம் பேசினேன். "வைக்கோல்ல வெச்சு அனுப்பின பொம்மை உடைஞ்சதில்ல தம்பி, அதையே கெட்டியாக்கிக் குடுக்கறேன்னு சொல்றே, அப்படித்தானே?" என்றார். நான் அரைமணி நேரம் விளக்கியதை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

கழிவு விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'வீணாகப் போகிற விவசாயக் கழிவு' என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பஞ்சாபில் எரிக்கிற வைக்கோலை மனதில் வைத்து எழுதுகிறார்கள். நம் பக்கம் வைக்கோலுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அது மாட்டுத் தீவனம். மீஞ்சூர், பொன்னேரியில் அறுப்பு முடிந்ததும் கட்டுக் கட்டாக ஏற்றிப்போய்விடுவார்கள். செங்குன்றம் அரிசி ஆலைகளில் உமி கிடைக்கும், நெல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான், ஆனால் அதுவும் பாய்லருக்கு எரிபொருள். கரும்புச் சக்கையில் புகளூரில் காகிதமே செய்கிறார்கள். மாட்டின் வாயிலிருந்து பிடுங்கி டிவி பெட்டிக்குள் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

யாரும் உரிமை கொண்டாடாத கழிவு வயலைவிட நம் தெருவில்தான் அதிகம் இருக்கிறது. இளநீர் மட்டை. கோடையில் தண்டையார்பேட்டை நெடுஞ்சாலை ஓரமாக ஒருமுறை நடந்து பாருங்கள், மரத்தடிக்கு மரத்தடி குவியல். அப்புறம் கரும்பு ஜூஸ் வண்டிச் சக்கை. இரண்டும் விவசாயத்திலிருந்து வந்து நகரத்தில் கழிவானவை. கரும்புச் சக்கையில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருப்பதால் பச்சைப் பூஞ்சைக்கு அது விருந்து, நன்றாக அலசி அன்றைக்கே வேகவைக்க வேண்டும். இளநீர் மட்டைக்கு அரைக்கிற மெஷின் இல்லாமல் ஒன்றும் நடக்காது, கத்தியால் வெட்டித் தோள்பட்டை போய்விடும். தென்னை நார்க்கழிவில் லிக்னின் அதிகம், லேசில் மக்காது. ஆனால் அதைச் சிப்பிக் காளான் வகையைக் கொண்டு மக்கவைத்து உரமாக்கும் முறையை நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்போதோ விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. அந்தப் பூஞ்சைக்கு இது பழகிய சாப்பாடு. மாநகராட்சி இளநீர் மட்டையை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாக எடுத்து, மண்டலத்துக்கு ஓர் அரைவை மெஷின் வைத்தாலே மூலப்பொருள் கவலை பாதி தீரும். கொடுங்கையூரில் சுமார் 250 ஏக்கரில் மலையாகக் கிடக்கிற பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கப் பல நூறு கோடி செலவாகிறது, புதிதாக அங்கே போகாமல் தடுக்க ஒரு மெஷின் பெரிய செலவில்லை.

மிச்சமுள்ள சிக்கல் இடமும் சூடும். தெர்மாகோல் அச்சிலிருந்து ஒரு துண்டு சில நிமிடத்தில் வெளியே வந்துவிடும். பூஞ்சைக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் வேண்டும், அத்தனை நாளும் அச்சு அலமாரியில் உட்கார்ந்திருக்கும். ராயபுரத்து வாடகையில் இது ஒத்துவராது. வளர்க்கிற வேலை பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் காளான் ஷெட்டுகளில் நடக்கட்டும், அங்கே தொழிற்பேட்டையும் பக்கத்தில் இருக்கிறது. காயவைப்பதுதான் சென்னையில் எனக்குப் பெரிய தலைவலி. சித்திரை வெயிலில் மொட்டை மாடியே போதும், கார்த்திகையில் நான்கு நாள் வைத்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், ஈரம் நின்றால் ஓரத்தில் குட்டிக் குட்டியாகக் காளான் முளைக்கும். அறுபது எழுபது டிகிரியில் சில மணி நேரம் விடாமல் சூடு வேண்டும். அதற்கென்று அடுப்பு வாங்குவதைவிட, விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரிகளில் ராத்திரி வேலை முடிந்தபின் தங்குகிற சூட்டைப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரொட்டி வேகிற இடத்தில் இதை வைக்கத் தயங்குவார்கள்தான், தனி தட்டும் தனி நேரமும் பேசி முடிக்க வேண்டும்.

தோல் பைக்கும் செருப்புக்கும் பதிலாக மைசீலியம் வரப்போகிறது என்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்டதால் ஒரு வார்த்தை. 2021-ல் ஹெர்மெஸ் ஒரு பையையும் அடிடாஸ் ஒரு ஷூவையும் காட்டின. அந்த ஷூவுக்குப் பொருள் செய்த போல்ட் த்ரெட்ஸ் 2023-ல் அந்த உற்பத்தியையே நிறுத்திவைத்தது. அது பெரிய முதலீடு கேட்கிற வேறு தொழில். பேக்கிங் கட்டிக்கு நமக்கு வேண்டிய திறமை காளான் போடுகிற பெண்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, எனக்கு அதில்தான் ஆர்வம்.

கொசப்பேட்டைப் பெரியவர் ஓரடி உயரப் பிள்ளையார் ஒன்றை அச்சு எடுக்கக் கொடுத்திருக்கிறார். நவராத்திரிக்கு முன்னால் அதைப் பெட்டியில் வைத்து லாரியில் மதுரைக்கு அனுப்பிப் பார்ப்பதாகப் பேச்சு. பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் விறகு அடுப்பு பேக்கரி வைத்திருப்பவர்களோ, மட்டை அரைக்கிற மெஷினை வாடகைக்குத் தரக்கூடியவர்களோ இதைப் படித்தால் எழுதுங்கள். ஒரு கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நானே வந்து பேசுகிறேன்.